பம்பைக்காரர் கேட்கும் கேள்வி

மேல்மலையனூர் அங்காளம்மன் கோயிலில் பேய் ஓட்டும்போது பம்பைக்காரர் சுற்றி வளைப்பதில்லை. பம்பையும் உடுக்கையும் முழங்க, தலைவிரி கோலமாக ஆடும் பெண்ணிடம் நேராகவே கேட்கிறார்: "நீ யாரு? எந்த ஊரு? எப்படிச் செத்தே? இவளை எங்கே பிடிச்சே?" பதில் சுலபத்தில் வராது. வந்த பிறகு, என்ன கொடுத்தால் போவாய் என்று பேரம் நடக்கும். கடைசியில் அவள் தலைமுடியில் ஒரு கற்றையைப் புளியமரத்தில் ஆணியடித்துப் பேயைக் கட்டிவிடுவார்கள்.

கடலூரைத் தலைநகராகக் கொண்டிருந்த பழைய தென்னாற்காடு மாவட்டத்தில், 1990களின் தொடக்கத்தில் தங்கி இந்தச் சடங்குகளை ஆராய்ந்தவர் இசபெல் நபோகோவ் என்ற மானிடவியலாளர். 2000இல் அந்த ஆய்வு நூலானது. பேய் பிடிப்பது பெரும்பாலும் கல்யாணமாகி அதிக நாள் ஆகாத இளம்பெண்களை. பிடிக்கிற பேயோ காதல் கைகூடாமல் உயிரை விட்ட ஆண். அவளை மறுபடி மனைவியாக்கி வீட்டுக்கு அனுப்புவதே சடங்கின் வேலை என்றார் நபோகோவ். அவள் மனதை அரித்தது என்ன என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

அந்தக் கேள்வியிலிருந்துதான் மருத்துவம் தொடங்க வேண்டும். நினைவு, 'நான்' என்ற உணர்வு, உடலின் மீதான பிடி எல்லாம் இயல்பாகச் சேர்ந்தே இயங்குபவை. தாங்க முடியாத நெருக்கடியில் சிலருக்கு இவை தனித்தனியாகக் கழன்றுகொள்ளும். பிரெஞ்சு உளவியலாளர் பியேர் ஜானே 1889இலேயே இதை விரிவாக எழுதினார். இதைப் பிரிநிலைக் கோளாறு என்கிறோம். குரல் மாறலாம், பேச்சு நின்றுபோகலாம், கை கால் விழலாம், வலிப்பு போல வரலாம். 'அந்நியன்' படத்தில் வருவதுபோல ஒரே ஆளுக்குள் பல ஆட்கள் இருப்பதாகச் சொல்லும் நோயாளிகள் நம் ஊரில் அபூர்வம். இங்கே பேசுவது பேய், முனி, செத்துப்போன மைத்துனன். மனம் ஊரில் புழங்கும் உருவத்தைத்தான் எடுத்துக்கொள்கிறது. அமெரிக்க மனநலக் கையேடு 2013இல் இதை ஒப்புக்கொண்டு, ஆவி புகுந்ததாக உணர்வதையும் பல ஆளுமைக் கோளாறின் அடையாளங்களில் சேர்த்தது. 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் இதற்குத் தனித் தலைப்பே தந்திருக்கிறது.

அதற்காக திரௌபதி அம்மன் தீமிதியில் அருள் வந்து ஆடுகிறவரை நோயாளி என்று சொல்லிவிடக் கூடாது. ஊர் ஏற்ற வழிபாடு நோயல்ல. அவர் ஆடுவார், திருநீறு வாங்குவார், மறுநாள் வயலுக்குப் போவார். விரும்பாமலே, சடங்குக்கு வெளியே, அடிக்கடி வந்து பிழைப்பைக் கெடுத்தால்தான் கவலைப்பட வேண்டும்.

வலிப்பு போல வந்தால் பிரித்தறிவது கடினம். கண்ணை இறுக மூடிக்கொள்வது, தலையை இருபுறமும் ஆட்டுவது, வெகுநேரம் நீடிப்பது ஆகியவை மன நெருக்கடியால் வருவதைக் காட்டும். கண் திறந்தே இருப்பது, நாக்கின் பக்கவாட்டில் கடிபடுவது, தூக்கத்தில் வருவது ஆகியவை காக்காய் வலிப்பைக் காட்டும். இரண்டும் ஒருவருக்கே இருக்கவும் கூடும். எனவே மூளை மின்னலைப் பரிசோதனை இன்றி முடிவுகட்டக் கூடாது. மன நெருக்கடியால் வருவது நடிப்பும் அல்ல. "சும்மா வேஷம் போடுறா" என்ற பேச்சு, அவளுக்கு இருக்கும் கடைசி வழியையும் அடைத்துவிடுகிறது.

இதற்கென்று தனி மாத்திரை கிடையாது. முதலில் அவளைப் பத்திரமான இடத்தில் வைக்க வேண்டும். அடியோ வன்கொடுமையோ இருந்தால் அதை நிறுத்த வேண்டும். பிறகு பல வாரங்கள் பொறுமையாகப் பேச வேண்டும், மாமியார் இல்லாத அறையில். மனச்சோர்வும் சேர்ந்திருந்தால் அதற்கு மருந்து உண்டு. கோயிலுக்குப் போவதைத் தடுக்க வேண்டியதில்லை. வேப்பிலை அடியையும் மிளகாய்ப் புகையையும் சங்கிலியையும் மட்டும் ஒருபோதும் அனுமதிக்கக் கூடாது. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் கருகினார்கள். நோயாளியைச் சங்கிலியால் கட்டுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் தடைசெய்கிறது.

உங்கள் வீட்டுப் பெண்ணுக்கு இப்படி வந்தால் சிதம்பரம் அண்ணாமலைநகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். அதற்கு முன் யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, கட்டணமில்லா டெலி மானஸ் எண், தமிழிலேயே பேசலாம்.