கரண்ட் போனால் சூடு எங்கே போகும்?

2025 ஜனவரி 24. அயர்லாந்தின் மேற்குக் கரையில் மணிக்கு 180 கிலோமீட்டருக்கும் மேலான வேகத்தில் காற்று வீசியது. 'ஏயோவின்' என்ற அந்தப் புயலில் 7,68,000 மின் இணைப்புகள் இருண்டன. மேற்கே சில ஊர்களுக்கு மின்சாரம் திரும்பி வர இரண்டு வாரத்துக்கும் மேலானது. வீட்டைச் சூடாக்கும் எண்ணெய் பாய்லரும் ஹீட் பம்பும் கரண்ட் இல்லாமல் ஓடாது. விறகடுப்பு வைத்திருந்தவர்களால் நடுக்குளிர்காலத்தில் ஓர் அறையையாவது கதகதப்பாக வைத்துக்கொள்ள முடிந்தது.

அப்படி ஒரு புயலைக் கண்டபின், 'இன்னொரு அடுப்பும் போட்டால் என்ன?' என்ற எண்ணம் வருவது இயல்புதான்.

அங்குள்ள பல கிராம வீடுகளில் சமையலறையில் ஏற்கெனவே ஒரு வார்ப்பிரும்பு அடுப்பு உண்டு. மேலே சமைக்கலாம். நெருப்புக்குப் பின்னால் 'பேக் பாய்லர்' என்ற தண்ணீர்ப் பெட்டி இருக்கும். அதில் காயும் தண்ணீர் குழாய் வழியாக அறைதோறும் உள்ள ரேடியேட்டர்களுக்கும், குளிக்கும் வெந்நீர்த் தொட்டிக்கும் போகிறது. கூடத்திலோ பழைய திறந்த கணப்பு. அதன் சூட்டில் பெரும்பகுதி புகைபோக்கி வழியே வானத்துக்குப் போய்விடும். அந்த இடத்தில் கதவு வைத்த அடுப்பைப் பொருத்தி, அதற்கும் ஒரு பாய்லர் வைத்து, அதே ரேடியேட்டர்களோடு இணைத்துவிடலாம் என்று கணக்குப் போடுகிறார்கள். சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது.

கேஸ் அடுப்பைத் திருகி அணைத்துவிடலாம். உள்ளே போட்ட ஐந்து கிலோ விறகை அப்படி அணைக்க முடியாது. அது எரிந்து தீரும்வரை சூடு வந்துகொண்டே இருக்கும். தண்ணீரைச் சுற்றவிடும் பம்பு மின்சாரத்தில் ஓடுவது. அது நின்றால் பாய்லரில் தண்ணீர் கொதிக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் ஏறக்குறைய 1,600 லிட்டர் இடம் கேட்கும். வெளியேற வழியில்லையென்றால் இரும்புப் பெட்டி வெடிக்கும்.

அதனால்தான் பாய்லரிலிருந்து மாடியில் உள்ள தொட்டிவரை ஒரு குழாய் திறந்தே போகிறது. அதில் எங்கும் வால்வு வைக்கக் கூடாது. பம்பு இல்லாமலே வெந்நீர் தானாக மேலேறும்படி 28 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்களை ஏற்றமாக அமைக்கிறார்கள். அந்த வழியில், யாரும் தவறுதலாகக்கூட மூட முடியாத ஒரு ரேடியேட்டரும் இருக்கும். பம்பு நின்றாலும் அதன் வழியே சூடு வடிந்துகொண்டிருக்கும்.

இரண்டு அடுப்பு என்றால் இந்தப் பாதுகாப்பு இரண்டுக்கும் தனித்தனியாக வேண்டும். வெறுமனே 'டி' வடிவ இணைப்பு போட்டுக் குழாய்களை ஒட்டவைத்தால் ஓர் அடுப்பின் வெந்நீர், எரியாத மற்றோர் அடுப்புக்குள் புகுந்து அதன் புகைபோக்கியைத்தான் சூடாக்கும். திரும்பி வரும் தண்ணீர் மிகக் குளிர்ந்திருந்தால், எரிகிற அடுப்பின் உட்சுவரில் ஈரமும் தாரும் படியும். புகைபோக்கியில் சேரும் தார் ஒருநாள் தீப்பிடிக்கலாம்.

இதற்கு ஒரு வழி, இரண்டு நீரோட்டங்களும் ஒன்றையொன்று தள்ளாமல் சந்திக்கும் இணைப்புப் பெட்டி. மற்றொன்று, இதைவிட நல்லது: சூடு வெளியேறாதபடி உறை போர்த்திய பெரிய தண்ணீர்த் தொட்டி. 1,000 லிட்டர் தண்ணீர் 40 டிகிரியிலிருந்து 80 டிகிரிக்கு ஏறினால் சுமார் 46 யூனிட் அளவு சூட்டைச் சேமிக்கும். சுமார் 15 கிலோ உலர்ந்த விறகு தரும் சூடு அது. மாலையில் எரித்ததை விடியற்காலையில் செலவழிக்கலாம்.

புகைபோக்கியும் அடுப்புக்கு ஒன்று வேண்டும். சமையலறை எக்ஸாஸ்ட் ஃபேன் அறைக்காற்றை இழுத்து, புகையை வீட்டுக்குள்ளேயே திருப்பிவிடும் ஆபத்தும் உண்டு. கார்பன் மோனாக்சைடுக்கு மணமில்லை. அடுப்புள்ள ஒவ்வோர் அறையிலும் அதற்கான அலாரம் இருந்தே ஆகவேண்டும்.

இன்னொரு விலையை, புகையைச் சுவாசிக்கும் அக்கம்பக்கத்தார் கொடுக்கிறார்கள். 1990இல் டப்ளினில் புகைக்கும் நிலக்கரி விற்பனையைத் தடை செய்தபின் காற்றில் கரும்புகை ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது. 2022 அக்டோபர் 31 முதல் அந்தத் தடை நாடு முழுவதற்கும் வந்தது. ஈர விறகு விற்கவும் கட்டுப்பாடு உண்டு. காய்ந்த விறகை அடுக்கிவைக்கக் கொட்டகை இல்லாதவர் இரண்டாவது அடுப்பைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

மின்வெட்டுக்குப் பயந்துதான் அடுப்பு என்றால், பாய்லரும் குழாயும் இல்லாத சாதாரண அடுப்பே போதும். அறை சூடாகும், கொதித்து வெடிக்க அதில் தண்ணீரே இல்லை. வீடு முழுவதற்கும் சூடு வேண்டும் என்பவர்கள், வேலைக்கு வரும் நிபுணரிடம் முதலில் ஒன்றைக் கேளுங்கள்: "இரண்டு அடுப்பும் முழுவேகத்தில் எரியும்போது கரண்ட் போனால், சூடு எந்த வழியாகப் போகும்?" வரைபடத்தில் விரல் வைத்து அந்த வழியைக் காட்ட முடியாதவரிடம் வேலையைக் கொடுக்காதீர்கள்.