செல்போன் சோறு போடுமா?

ஆறு மாதங்களுக்கு முன்பு ஒரு மத்தியானம். சாப்பாட்டுக் கடை முடிந்து, பாத்திரங்களைக் கவிழ்த்துவிட்டுச் சற்றே தலை சாய்க்கலாம் என்று பாயை விரித்தேன். வாசற்படியில் மாடி வீட்டுப் பெண் வந்து நின்றாள். இடுப்பில் இரண்டு வயதுக் குழந்தை. கையில் ஒரு கைக்குட்டை முடிச்சு.

“அக்கா, கடைத்தெரு வரைக்கும் என்கூட வர்றீங்களா? தனியாப் போகத் தயக்கமா இருக்கு.”

முடிச்சை அவிழ்த்துக் காட்டினாள். அவள் கல்யாணத்துக்கு அம்மா போட்ட இரண்டு வளையல்கள்!

“என்னம்மா இது, யாருக்காவது உடம்பு சரியில்லையா?”

“அதெல்லாம் இல்லேக்கா. யூடியூப்ல சமையல் சேனல் ஆரம்பிக்கப் போறேன். நல்ல செல்போன், லைட்டு, மைக்கு எல்லாம் வாங்கணும். சொல்லிக் கொடுக்க ஒருத்தர் ஆறாயிரம் கேக்கறார். ஆறே மாசத்துல மாசம் அம்பதாயிரம் வருமாம். வந்ததும் வளையலைத் திருப்பிடலாம்.”

“வீட்டுக்காரருக்குத் தெரியுமா?”

பதில் இல்லை. தலையைக் குனிந்துகொண்டாள்.

“ஒரு வாரம் பொறு. நான் விசாரிச்சுச் சொல்றேன். அப்புறமும் உனக்குச் சரின்னு தோணினா நானே கூட வர்றேன்” என்று சொல்லி அனுப்பினேன். அந்த ஒரு வார விசாரணையைத்தான் இங்கே எழுதுகிறேன். கையில் செல்போனும் மனத்தில் குடும்பக் கவலையும் உள்ள எத்தனையோ சகோதரிகளுக்கு இதே ஆசை இருக்கிறது அல்லவா?

பணம் எங்கிருந்து வருகிறது?

வீடியோ போடுவதற்குக் காசு கிடையாது, யாரும் போடலாம். ஆனால் போட்டவுடன் பணம் வந்துவிடாது. வீடியோவுடன் வருகிற விளம்பரத்துக்குக் கம்பெனிகள் கொடுக்கும் தொகையில்தான் நமக்குப் பங்கு. வழக்கமான நீள வீடியோவானால் அந்த வருமானத்தில் 55 சதவிகிதம் சேனல்காரருக்கு, மீதி யூடியூபுக்கு.

இந்தப் பங்கு கிடைக்கவும் நிபந்தனை உண்டு. 1,000 பேர் சப்ஸ்கிரைபர்களாகச் சேர வேண்டும். அதோடு, கடைசி 12 மாதங்களில் 4,000 மணி நேரம் நம் வீடியோக்களை ஜனங்கள் பார்த்திருக்க வேண்டும். ‘ஷார்ட்ஸ்’ என்ற குட்டி வீடியோக்கள் மட்டும் போடுகிறவர்களுக்கு 90 நாட்களில் 1 கோடி பார்வைகள்! 500 பேர் சேர்ந்தாலே பணம் என்று சிலர் சொல்வார்கள். அது 2023-ல் வந்த ஏற்பாடு. ரசிகர்கள் தாமாகக் கொடுக்கும் அன்பளிப்புக்கும் அது போன்றவற்றுக்கும்தான். விளம்பரப் பங்குக்குப் பழைய நிபந்தனைதான்.

4,000 மணி நேரம் என்றால் என்ன? 2,40,000 நிமிஷம். ஒருவர் ஒரு வீடியோவைச் சராசரி 4 நிமிஷம் பார்க்கிறார் என்று வைத்துக்கொண்டால், 60,000 தடவை பார்க்கப்பட வேண்டும். பிறந்த வீடு, புகுந்த வீடு, ஒன்றுவிட்ட சித்தப்பா குடும்பம் எல்லாரும் சேர்ந்தாலும் நூறு பேர் தேறுமா?

அப்புறமும், கணக்கில் 100 டாலர் சேர்ந்தால்தான் பாங்கிக்கு அனுப்புவார்கள். அதுவரை கண்ணால் பார்க்கலாம், கையால் தொட முடியாது!

ஜெயித்தவர்கள் இல்லையா?

இருக்கிறார்கள். புதுக்கோட்டை மாவட்டம் சின்ன வீரமங்கலத்திலிருந்து பெரியதம்பி தாத்தாவும் பேரன்மாரும் வயல்வெளியில் அண்டா அண்டாவாகச் சமைத்துக் காட்டும் ‘வில்லேஜ் குக்கிங் சேனல்’ 2018-ல் ஆரம்பித்தது. 2021-ல் 1 கோடி சப்ஸ்கிரைபர்களைத் தொட்டது. அந்த ஆண்டு முதலமைச்சரின் கொரோனா நிவாரண நிதிக்கு அவர்கள் 10 லட்ச ரூபாய் கொடுத்ததைப் பலர் பத்திரிகையில் படித்திருப்பீர்கள். ஆகவே ‘இதில் ஒன்றுமே இல்லை’ என்று நான் சொல்ல மாட்டேன்.

ஆனால் அங்கே ஒரு குடும்பமே முழு நேரமும் இறங்கி உழைக்கிறது. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு, அது தூங்கும் முக்கால் மணி நேரத்தில் ஒருத்தி மட்டும் செய்யும் காரியத்தோடு அதை ஒப்பிட முடியுமா?

எனக்குத் தெரிந்த ஒரு சகோதரி கோலமும் கைவேலையும் சொல்லித் தரும் சேனல் நடத்துகிறாள். நல்ல வேளையாக நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிறவள். 14 மாதங்களில் 90 வீடியோக்கள். முதல் தடவை பாங்கிக்கு வந்தது 8,900 ரூபாய். ஸ்டாண்டு 900, லைட் 1,200, கலர்ப் பொடியும் மற்றச் சாமான்களும் 2,300. ஆகச் செலவு 4,400. கையில் நின்றது 4,500. கோலம் போட்டு, படம் எடுத்து, வெட்டி ஒட்டி, குரல் கொடுத்து முடிக்க ஒரு வீடியோவுக்கு 6 மணி நேரம். 90 வீடியோவுக்கு 540 மணி நேரம். நீங்களே வகுத்துப் பாருங்கள். மணிக்கு எட்டு ரூபாய் சொச்சம்!

“அப்புறம் ஏன்டி இன்னும் செய்யறே?” என்று கேட்டேன்.

“ஊரெல்லாம் என் கோலத்தைப் பாக்குதே அக்கா, அந்தச் சந்தோஷத்துக்கு” என்றாள். நியாயமான பதில். சந்தோஷத்துக்குச் செய்யலாம், அடுத்த மாத வாடகையை அதை நம்பி வைக்கக் கூடாது.

மழையை நம்பிய பயிர்

மானாவாரி நிலத்தில் விதைத்தவர் வானத்தைப் பார்ப்பது போலத்தான் இந்த வருமானமும். பண்டிகைக் காலத்தில் விளம்பரம் கூடும், முடிந்ததும் குறையும். விதிகளையும் அவர்கள் நினைத்தபோது மாற்றலாம். 2018 ஜனவரியில் யூடியூப் தன் நிபந்தனையைக் கடுமையாக்கியபோது, அதுவரை சில்லறை பார்த்துக்கொண்டிருந்த சின்ன சேனல்கள் பல விளம்பரப் பங்கை இழந்தன. 2020 ஜூன் 29-ல் நம் அரசாங்கம் டிக்டாக்கைத் தடை செய்தபோது, லட்சக்கணக்கான ரசிகர்களை அங்கே சேர்த்திருந்தவர்களும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதாயிற்று. நிலம் நம்முடையது அல்ல என்பதை மறக்கக் கூடாது.

அப்படியானால் நிலையாகச் சம்பாதிக்கிறவர்கள் யார்? விசாரித்ததில் எனக்குப் புரிந்தது இதுதான். கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருந்து, செல்போனைக் கடைவாசலாக வைத்துக்கொண்டவர்கள். எங்கள் அடுத்த தெருவில் ரவிக்கை தைக்கும் பெண், தைத்ததைப் போட்டோ எடுத்து இன்ஸ்டாகிராமில் போடுகிறாள். பார்ப்பவர்கள் முந்நூறு பேர்கூட இல்லை. ஆனால் அதில் மாதம் பத்துப் பேர் துணியோடு வருகிறார்கள்! விளம்பரக் காசுக்கு ஆயிரக்கணக்கானவர் பார்க்க வேண்டும். நம் சரக்கை விற்கப் பத்துப் பேர் போதும். தையல், டியூஷன், பொடி வகை, புடவை வியாபாரம் எதுவானாலும் இதே கணக்குத்தான். (தின்பண்டம் விற்பதானால் உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு செய்துகொள்ள மறக்காதீர்கள்.)

இந்த நான்கில் ஏமாறாதீர்கள்

கற்றுத் தருகிறேன் என்பவர்: கல்யாணத்தில் யாருக்கு லாபமோ நஷ்டமோ, பந்தல்காரருக்குக் கூலி நிச்சயம். ‘லட்சம் சம்பாதிக்க வழி’ என்று வகுப்பு நடத்துகிறவர் நிலைமையும் அதுதான். வீடியோ எடுக்கவும் வெட்டி ஒட்டவும் இலவசமாகவே சொல்லித் தரும் வீடியோக்கள் நிறைய இருக்கின்றன.

‘லைக்’ போட்டால் பணம்: செல்போனில் இப்படி ஒரு செய்தி வரும். முதலில் நூறு, இருநூறு நிஜமாகவே தருவார்கள். நம்பிக்கை வந்ததும், ‘இத்தனை ஆயிரம் கட்டினால் இரட்டிப்பு’ என்பார்கள். கட்டிய பணம் போனதுதான்! யாராவது ஏமாந்துவிட்டால், வெட்கப்பட்டு மறைக்காமல் உடனே 1930 என்ற எண்ணுக்குப் போன் செய்ய வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தைத் தடுத்து நிறுத்த வாய்ப்பு உண்டு.

ஓசிச் சாமான்: கொஞ்சம் பேர் தெரிந்ததும், ‘இந்தக் கிரீமைப் பற்றி நல்லபடியாகப் பேசுங்கள்’ என்று கம்பெனிகள் அனுப்பும். பணமோ பொருளோ வாங்கிக்கொண்டு பேசினால், அது விளம்பரம் என்று தெளிவாகச் சொல்ல வேண்டும். மத்திய அரசின் நுகர்வோர் துறை 2023 ஜனவரியில் இதற்கு வழிமுறைகளையே வெளியிட்டது. ஜனங்களைத் தவறாக நம்ப வைக்கும் விளம்பரத்துக்கு 10 லட்ச ரூபாய் வரை அபராதம். மறுபடி செய்தால் 50 லட்சம் வரை. அபராதம் கிடக்கட்டும். நாம் சொன்ன பேச்சை நம்பி ஒரு தாய் தன் குழந்தைக்கு ஏதோ ஒரு மாவைக் கரைத்துக் கொடுத்தால், அந்தப் பாவம் யாரைச் சேரும்?

குழந்தையின் முகம்: குழந்தை குளிப்பதும் அழுவதும் அடம் பிடிப்பதும் நன்றாக ‘ஓடும்’ என்று ஆசை காட்டுவார்கள். ஒரு தடவை வெளியே போன படத்தை யார் எடுத்து வைத்துக்கொள்வார்கள் என்று நமக்குத் தெரியாது. நாளைக்குப் பள்ளிக்கூடத்தில் அந்தப் பிள்ளை தலை நிமிர்ந்து நடக்க வேண்டாமா?

இன்னொன்று, உங்கள் உடம்பு. இரவு பதினொரு மணிக்கு மேல் விழித்து வீடியோ வெட்டுவதும், பால் கொடுக்கும்போதுகூட எத்தனை பேர் பார்த்தார்கள் என்று எட்டிப் பார்ப்பதும், முகம் தெரியாதவன் எழுதிய வசவைப் படித்துச் சாப்பிடாமல் படுப்பதும் வேண்டவே வேண்டாம். அதற்கு எந்த டாலரும் ஈடில்லை.

வளையல் என்ன ஆயிற்று?

ஒரு வாரம் கழித்து மாடி வீட்டுப் பெண்ணை உட்கார வைத்து, கோலக்காரச் சகோதரியின் கணக்கு நோட்டைக் காட்டினேன். நெடுநேரம் பேசாமல் இருந்தாள். கண் கலங்கிவிட்டது.

“அப்ப என்னால ஒண்ணும் முடியாதாக்கா? குழந்தைக்குப் பால் வாங்கக்கூட ஒவ்வொரு தடவையும் அவர்கிட்டக் கை நீட்டறேன்...”

அவள் அடகு வைக்க வந்ததன் காரணம் அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஐம்பதாயிரம் அல்ல, தன் கையில் தன் காசு என்று கொஞ்சம்! சகோதரிகளே, இந்த ஆசையை யாரும் பரிகாசம் செய்யக் கூடாது.

“உன் சாம்பார்ப் பொடியை இந்தத் தெருவே கேட்டு வாங்குதே, அதுல ஆரம்பி. இருக்கிற போன் போதும். முதல்ல வீட்டுக்காரர்கிட்டச் சொல்லு” என்றேன்.

சொன்னாள். கொஞ்சம் சண்டை, கொஞ்சம் சமாதானம். பதிவு வாங்க அவர்தான் அலைந்தார். வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் பொடியின் போட்டோ போட்டாள். முதல் மாதம் 11 பாக்கெட். செலவு போக 640 ரூபாய் நின்றது. இப்போது மாதம் இரண்டாயிரத்தைத் தொடுகிறது. சேனலையும் விடவில்லை, அந்தப் பொடியை வைத்தே என்னென்ன சமைக்கலாம் என்று வாரம் ஒரு வீடியோ போடுகிறாள். சப்ஸ்கிரைபர்கள் 83 பேர். அதில் நானும் ஒருத்தி!

செல்போன் சோறு போடுமா என்று கேட்டால், என் பதில் இதுதான்: சிலருக்குப் போடும். நம்மில் பலருக்கு, நாம் வடித்த சோற்றை நாலு பேருக்குக் காட்டும். அந்த நாலு பேர் வாங்க வந்தால், பாலுக்குக் கை நீட்ட வேண்டியதில்லை.

வளையல்களா? அவள் கையிலேதான் இருக்கின்றன!