மேஜையைத் தாண்டக் கூடாத சிப்

லாஸ் வேகாஸின் ரூலெட் மேஜை ஒன்றில் 20 டாலரை நீட்டினால், ஆட்டத்தை நடத்தும் டீலர், பணத்துக்குப் பதிலாகப் புழங்கும் 20 சிப்களை ஓர் அடுக்காக நகர்த்தித் தருவார். போக்கர் மேஜையிலும் பிளாக்ஜாக் மேஜையிலும் புழங்கும் சிப்களில் 1, 5, 25, 100 என்று மதிப்பு அச்சாகியிருக்கும். ரூலெட் சிப்களில் எந்தத் தொகையும் இருக்காது. கேசினோவின் பெயர் இருக்கும், எந்த மேஜையைச் சேர்ந்தது என்பதைக் காட்டும் எழுத்தோ சின்னமோ இருக்கும், அவ்வளவுதான். நிறம் மட்டும் ஆளுக்கு ஆள் மாறும். ஒருவருக்கு ஊதா கிடைத்தால் பக்கத்தில் இருப்பவருக்கு ஆரஞ்சு.

ரூலெட்டுக்கு மட்டும் ஏன் இந்தத் தனி ஏற்பாடு? சுழலும் சக்கரத்தில் பந்து எந்த எண்ணில் விழும் என்று ஒரே கட்டத்தில் பலர் பந்தயம் வைக்கும் ஆட்டம் அது. 17-ஆம் எண்ணில் நாலு பேர் சிப் வைத்து, பந்தும் 17-லேயே விழுந்துவிட்டால், ஒவ்வொருவருக்கும் ஒன்றுக்கு 35 மடங்கு தர வேண்டும். எந்தச் சிப் யாருடையது என்பதில் தகராறு வந்தால் ஆட்டமே நின்றுபோகும். அதனால்தான் ஆளுக்கொரு நிறம். சிப்பின் மதிப்பும் அவரவர் கேட்டு வாங்குவதைப் பொறுத்தது. ஒருவரின் ஊதா 1 டாலராக இருக்கும். அவர் எழுந்துபோன பிறகு அதே ஊதாவை வாங்குபவருக்கு அது 25 டாலராகவும் இருக்கலாம். சக்கரத்தின் விளிம்பில் அந்த நிறத்துச் சிப் ஒன்றை வைத்து, அதன் அன்றைய மதிப்பைக் காட்டும் சிறு வில்லையையும் டீலர் வைத்துவிடுவார். ஆட்டத்தை விட்டு எழுந்திருப்பவர் மீதிச் சிப்களை அதே மேஜையில் கொடுத்து, மதிப்பு அச்சிட்ட சிப்களாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இந்தச் சிப்பையும் சேகரிப்பாளர்கள் தேடி அலைகிறார்கள். கேசினோ சிப் சேகரிப்பு அமெரிக்காவில் நன்றாக வேரூன்றிய பொழுதுபோக்கு. 1988-ல் ஆர்ச்சி பிளாக் என்பவர் அதற்கென ஒரு சங்கத்தையே தொடங்கினார். நாணயமும் தபால்தலையும் சேர்ப்பவர்களைப் போலவே இவர்களும் கூடுகிறார்கள், மாற்றிக்கொள்கிறார்கள், பட்டியல் போடுகிறார்கள். இடித்துத் தள்ளிவிட்டுப் புதிதாகக் கட்டுவது லாஸ் வேகாஸின் வழக்கம். டியூன்ஸ் கேசினோ 1993-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது, சாண்ட்ஸ் 1996-ல், ஸ்டார்டஸ்ட் 2007-ல், டிராபிகானா 2024-ல். கட்டடம் போன இடத்தில் கையில் எடுத்துப் பார்க்க மிஞ்சுவது இந்தச் சிறு வட்டுகள்தாம். இவற்றைப் பத்திரப்படுத்துபவர்கள் ஒரு நகரத்தின் வரலாற்றைக் காப்பாற்றுகிறார்கள் என்றால் அது மிகையில்லை.

ரூலெட் சிப்புக்குச் சந்தையில் பெரிய விலை கிடையாது. பழைய 5 டாலர், 100 டாலர் சிப்களோடு ஒப்பிட்டால் பெரும்பாலானவை மலிவு. சேகரிப்பாளர்களை இழுப்பது வேறு விஷயம். ஒரு கேசினோவில் 10 ரூலெட் மேஜை, மேஜைக்கு 7 நிறம் என்றால் மொத்தம் 70 வகை. அதில் 69 சேர்ந்தபின் ஒரு பச்சை மட்டும் பாக்கி என்றால், அந்தப் பச்சை ஒருவரை என்ன செய்யத் தூண்டும் என்பது சேகரிக்கும் பழக்கம் உள்ளவர்களுக்குப் புரியும்.

கோளாறு அங்கேதான் தொடங்குகிறது. "காசு கொடுத்துத்தானே வாங்கினேன்? ஒன்றைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டால் கேசினோவுக்கு என்ன நஷ்டம்?" என்பது வழக்கமான வாதம். 1 டாலர் என்று அச்சிட்ட சிப்புக்கு இந்த வாதம் ஓரளவு பொருந்தும். அதை நினைவுப் பொருளாகக் கொண்டுபோவதைக் கேசினோக்கள் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. திரும்பி வராத சிப்புக்குரிய டாலர் அவர்கள் கல்லாவிலேயே தங்கிவிடுகிறது. சிப் செய்த செலவும் அதில் அடங்கிவிடும். ஆனாலும் லாஸ் வேகாஸ் இருக்கும் நெவாடா மாநிலத்தின் சூதாட்ட விதிகளில் 12-ஆம் பிரிவு தெளிவாக இருக்கிறது. சிப் என்பது கேசினோ தர வேண்டிய கடனுக்கு அடையாளம் மட்டுமே. பொருளின் உரிமை கேசினோவுக்கே.

ரூலெட் சிப்புக்கோ அந்த அரைகுறை நியாயமும் இல்லை. அது அந்த மேஜையின் கருவி. ஆட்டம் நடக்கும் நேரத்துக்கு மட்டும் ஆட்டக்காரர் கையில் கொடுத்து வைக்கப்பட்டது. வெளியே போன சிப் மோசடிக்கு வழி திறந்துவிடுகிறது. மோசடி இப்படி நடக்கும்: ஒருவர் ஊதாச் சிப்களை 1 டாலர் மதிப்பில் வாங்கி, பாதியை மறைத்துக் கூட்டாளியிடம் சேர்க்கிறார். கூட்டாளி பிறகு அதே மேஜைக்கு வந்து, ஊதாவையே 25 டாலர் மதிப்பில் கேட்டு வாங்கி, மறைத்துவைத்ததை அதோடு கலந்துவிடுகிறார். எழுந்து போகும்போது எல்லாமே 25 டாலர்! ஒஹாயோ மாநிலத்தில் இந்த வேலையைச் செய்த கும்பல் பிடிபட்டிருக்கிறது. இத்தகைய மோசடியைத் தடுக்கத்தான் நியூ ஜெர்சி மாநிலம் ஒவ்வொரு மேஜையின் ரூலெட் சிப்களையும் குறிப்பிட்ட இடைவெளியில் எண்ணிச் சரிபார்க்கச் சொல்கிறது. நினைவுக்காக ஒரே ஒரு சிப்பை எடுத்துப்போனவரின் மனதில் கள்ளம் இல்லாமல் இருக்கலாம். ஆனால் எண்ணிக்கை குறையும்போது பதில் சொல்ல வேண்டியவர் அன்று அந்த மேஜையில் நின்ற டீலர். சேகரிப்பாளர் ஒருவரின் ஆசைக்காக அவர் தலையில் சந்தேகம் விழுவது அநியாயம்.

ஆட்டக்காரர் பையில் போட்டுக்கொள்வதைவிடப் பெரிய கேடும் உண்டு. நியூ ஜெர்சியின் அட்லாண்டிக் சிட்டியில் 1981-ல் திறந்த பிளேபாய் கேசினோ, 1984-ல் அட்லாண்டிஸ் என்று பெயர் மாறியது. பழைய பெயர் தாங்கிய சிப்களை அழிப்பதற்காக மிசிசிப்பிக்கு அனுப்பினார்கள். அழிக்க வேண்டிய இடத்திலிருந்தே ஒரு பகுதி களவு போனது. பல ஆண்டு கழித்து, ஏலத்தில் அவற்றை வாங்கிய ஒருவர் அவற்றுக்குரிய பணத்தைக் கேட்டு நீதிமன்றம் வரை போனார், கோரிக்கை நிராகரிக்கப்பட்டது. வாங்கியவர் திருடவில்லை. ஆனாலும் திருட்டின் கறை சிப்போடு ஒட்டிக்கொண்டே வந்தது.

அப்படியானால் 1950-களில் யாரோ ஒருவர் சாண்ட்ஸ் கேசினோவிலிருந்து பையில் போட்டுக்கொண்டு வந்த ரூலெட் சிப்பை இன்று வாங்கலாமா? தாராளமாக வாங்கலாம். திருப்பிக் கொடுக்கக் கேசினோ இல்லை, மேஜை இல்லை, அதை வைத்து ஏமாற்ற ஆட்டமும் இல்லை. இன்றும் ஓடிக்கொண்டிருக்கும் கேசினோவின் சிப் என்றால் கணக்கு வேறு. அங்கே நேர்வழி, மேஜைகளை மேற்பார்வையிடும் அதிகாரியிடம் கேட்பதுதான். இல்லை என்றே பெரும்பாலும் பதில் வரும். அதோடு விட்டுவிட வேண்டும். சில இடங்களில், புதிய தொகுதி வந்ததால் ஓய்வு கொடுத்த பழைய சிப்களிலிருந்து ஒன்றிரண்டு கிடைக்கவும் கூடும்.

அப்படி முறையாக வெளிவரும் சிப்களில் சிலவற்றில் நடுவே துளை போட்டிருப்பார்கள், அல்லது விளிம்பில் சிறு வெட்டு இருக்கும். இனி ஆட்டத்துக்கு உதவாது என்பதற்கான அடையாளம் அது. ஊனப்பட்ட சிப் என்று சொல்லி அதை ஒதுக்கும் சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள், விலையும் குறைத்தே கேட்பார்கள். உண்மையில் பெருமையோடு பெட்டியில் வைக்க வேண்டிய சிப் அதுதான். கேசினோவே மனமறிந்து வெளியே விட்டது என்பதற்கு அந்த அடையாளத்தைவிட நல்ல சான்று வேறு கிடையாது.