காமாலை காட்டாத கல்லீரல் அழற்சி

கண் மஞ்சளித்தால்தான் கல்லீரல் கெட்டது என்னும் நம்பிக்கை ஆழமாக வேரூன்றியிருப்பதால், ஹெபடைடிஸ் எனப்படும் வைரஸ் கல்லீரல் அழற்சியின் இரு கொடிய வகைகள் பலரது உடலில் பல்லாண்டுகள் அறியப்படாமலே தங்கிவிடுகின்றன. அசுத்தமான நீர், உணவு வழியே பரவும் ஏ, இ வகைகள் பெரும்பாலும் காமாலையாக வெளிப்பட்டுத் தாமே அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு இ வகை உயிராபத்தாகலாம் என்பது வேறு. இரத்தத்தின் வழியே பரவும் பி, சி வகைகளோ, வெளியே எதுவும் காட்டாமல் கல்லீரலை மெல்லத் தழும்பேறச் செய்து, இறுதியில் கல்லீரல் சுருக்கத்திலோ புற்றுநோயிலோ கொண்டுபோய் விடக்கூடியவை.

உலக சுகாதார நிறுவனம் 2024இல் வெளியிட்ட அறிக்கையின்படி, 2022இல் உலகில் 25.4 கோடிப் பேர் பி வகையுடனும் 5 கோடிப் பேர் சி வகையுடனும் வாழ்ந்தனர். இந்தியாவில் மட்டும் இவ்வெண்ணிக்கை முறையே ஏறத்தாழ 2.98 கோடி, 55 லட்சம். பி தொற்றுள்ளோரில் உலக அளவில் 13 விழுக்காட்டினருக்கே தம் நிலை தெரிந்திருந்தது என்பதுதான் இவற்றுள் மிகவும் கவலைக்குரியது.

ஆகவே பரிசோதனை காமாலை கண்டவர்களுக்கு மட்டும் உரியதன்று. கர்ப்பிணிகள் அனைவரும் பி வகைக்குப் பரிசோதிக்கப்பட வேண்டும். ஏனெனில், பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்று பெறும் குழந்தைகளில் ஏறத்தாழ 90 விழுக்காட்டினரிடம் அது நாள்பட்ட நோயாக நிலைத்துவிடுகிறது. பிறந்த 24 மணி நேரத்துக்குள் போடப்படும் தடுப்பூசியே அதைத் தடுக்கும் முதல் அரண். ஒருவருக்குப் பி தொற்று உறுதியானால், வாழ்க்கைத்துணையும் பிள்ளைகளும் மட்டுமன்றி உடன்பிறந்தோரும் பரிசோதித்துக்கொள்வது அவசியம். ஒரே தாயிடமிருந்து அவர்களும் அதைப் பெற்றிருக்கக்கூடும் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை. டயாலிசிஸ் செய்துகொள்வோர், பலமுறை இரத்தம் ஏற்றப்பட்டோர், போதை ஊசி பயன்படுத்தியோர், எச்ஐவி தொற்றுள்ளோர், சுத்திகரிக்காத ஊசியால் பச்சை குத்திக்கொண்டோர், மருத்துவமனைப் பணியாளர்கள் ஆகியோர் இரு வகைகளுக்கும் சோதித்துக்கொள்ள வேண்டும்.

பி வகைக்கு, வைரஸின் மேலுறைப் புரதத்தைத் தேடும் எச்பிஎஸ்ஏஜி என்னும் எளிய இரத்தப் பரிசோதனை உண்டு. சி வகைக்கு எதிர்ப்புரதம் காணப்பட்டால் மட்டும் போதாது. தொற்று இன்னும் நீடிக்கிறதா என்பதை அறிய வைரஸின் ஆர்என்ஏவையும் தேட வேண்டும். சிகிச்சையைப் பொறுத்தவரை, கீழாநெல்லி பி வைரஸை அகற்றுவதாகச் சென்னை ஆய்வாளர்கள் 1988இல் வெளியிட்ட முடிவு பெரும் நம்பிக்கையைத் தந்ததாயினும், பின்னர் வேறிடங்களில் நடந்த ஆய்வுகள் அதை உறுதிசெய்யவில்லை. பி வகையை மாத்திரைகள் அடக்கி வைக்கின்றன. சி வகை, பெரும்பாலோருக்கு 12 வார மாத்திரைகளில் முற்றிலும் குணமாகிறது. 2018இல் தொடங்கப்பட்ட தேசிய வைரஸ் ஹெபடைடிஸ் கட்டுப்பாட்டுத் திட்டத்தின்கீழ் இவ்விரண்டுக்கும் உரிய பரிசோதனையும் மருந்தும் அரசு மருத்துவமனைகளில் கட்டணமின்றி அளிக்கப்படுகின்றன.