சத்திரசிகிச்சைக்கூடமும் பண்டசாலைக் கணக்கும்

சத்திரசிகிச்சை என்றவுடன் சத்திரவைத்தியரின் கைத்திறனே நம் நினைவுக்கு வருகின்றது. அத்திறன் இயங்குதற்கு வேண்டிய நூல், ஊசி, கையுறை, குழாய், குருதியொற்றும் துணி என்பன எங்கிருந்து வந்தன, இன்னும் எத்தனை நாளைக்குப் போதுமென எண்ணுவார் மிகச் சிலரே. 2022 ஆம் ஆண்டு மார்ச்சு மாத இறுதியிற் பேராதனைப் போதனா வைத்தியசாலையில், திட்டமிட்டிருந்த சத்திரசிகிச்சைகள் மருந்துத் தட்டுப்பாட்டால் நிறுத்தப்பட்டன. இல்லாதுபோனவற்றுள் ஒன்று நியோஸ்டிக்மின். தளர்த்தப்பட்ட தசைகளைச் சிகிச்சை முடிவில் மீள இயங்கச் செய்யும் மருந்து அது. வைத்தியர் இருந்தனர், கூடமும் இருந்தது, சிறியதொரு மருந்துக்குப்பி இல்லை.

பேராதனை பெருநகரொன்றை அடுத்துள்ளது. புத்தளக் கரையோரத்தின் நிலை வேறு. அரசாங்க வைத்தியசாலைகளுக்கான பண்டங்களை, 1971 இல் பேராசிரியர் சேனக பிபிலேயை முதற்றலைவராகக் கொண்டு தோன்றிய அரச மருந்தாக்கற் கூட்டுத்தாபனம் வாங்குகின்றது; கொழும்பிலுள்ள மருத்துவ வழங்கற் பிரிவு பகிர்ந்தளிக்கின்றது. கொழும்பிலிருந்து புத்தளம் ஏறக்குறைய 130 கிலோமீற்றர். பாலாவியிற் பிரிந்து குடாநாட்டினூடே கற்பிட்டிக்குச் செல்லும் வீதி மேலும் 40 கிலோமீற்றர் வரை நீளும். தெதுரு ஓயா பெருகுங்காற் சிலாபத்தை அண்டிய வீதிகள் நீரில் மூழ்குவதும் உண்டு. ஆகவே, தலைநகர் வைத்தியசாலைக்குப் போதுமான இருப்பு, அதே அளவு வேலை நடைபெறும் கரையோர வைத்தியசாலைக்குப் போதாது.

எவ்வளவு போதும்? இதற்கு விடை எளிய கணிதத்தில் உண்டு. நாளொன்றுக்கு 6 தையல்நூற் பொதிகள் செலவாகின்றன எனவும், கேட்ட பண்டம் வந்துசேர 20 நாட் செல்லும் எனவும் கொள்வோம். இருபது நாட் செலவு 120 பொதிகள். தாமதத்துக்கும் எதிர்பாரா விபத்துக்குமாகப் பத்துநாட் காப்பிருப்பு 60 பொதிகள். ஆகவே இருப்பு 180 ஆகக் குறைந்த அன்றே அடுத்த கோரிக்கை செல்லவேண்டும். கணக்கு எளிது, அதற்கு வேண்டிய செலவுப் பதிவேட்டை நாடோறும் எழுதுதலே அரிது. பதிவு இல்லாவிடத்து அச்சம் கணக்காளராகின்றது. ஒவ்வொரு பிரிவும் தனக்கெனச் சிலவற்றை அலுமாரியில் ஒளித்துவைக்க, ஒரு பிரிவிற் காலாவதியாகும் பண்டமே அடுத்த பிரிவிற் கிடையாதொழியும். தாதியரைக் குறைகூறுவது முறையன்று. ஒருமுறை இல்லையென்ற விடையைப் பெற்றவர் மறுமுறை ஒளித்துவைப்பது இயல்பே. முந்தி வந்ததை முந்திச் செலவிடுதல் என்ற பழைய வழக்கினும், முந்திக் காலாவதியாவதை முந்திச் செலவிடுதலே இங்குப் பொருந்தும்.

செல்வநாடுகளின் குறை வேறுவகைத்து. அமெரிக்காவிற் சான்பிரான்சிஸ்கோவில் 58 நரம்புச் சத்திரசிகிச்சைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான கட்டுரையொன்று, பொதி பிரித்தும் பயன்படுத்தாமல் எறியப்பட்டவற்றின் பெறுமதி சிகிச்சையொன்றுக்குச் சராசரி 653 டொலர் எனக் காட்டிற்று. வேண்டியவற்றை மேசையில் விரித்தும், வேண்டப்படலாமென்பவற்றைப் பிரியாமல் அருகில் வைத்தும் தொழில்செய்தால் இவ்விழப்பிற் பெரும்பகுதி நீங்கும். இது பணச்செலவற்ற சீர்திருத்தம், நமக்கும் ஏற்றது.

எறியாது மீளப் பயன்படுத்தும் கருவிகளுக்குப் புத்தளத்திற் பேர்போன பொருளே பகையாகும். உப்பிலுள்ள குளோரைட்டு, துருவேறா உருக்கையும் புள்ளிபுள்ளியாய் அரிக்கும். குருதியிலும் உப்புக் கரைசலிலும் அது உண்டு. ஆதலாற் பயன்படுத்திய கருவியை உலரவிடாது, உப்பு நீரிலும் ஊறவிடாது, நன்னீரால் உடனே கழுவவேண்டும். பாஸ்டரின் துணைவர் சாள்சு சாம்பர்லான் 1879 இல் அமைத்த நீராவியழுத்தக் கலத்தின் வழிவந்த கலங்களே இன்றும் கருவிகளின் கிருமிகளை அழிக்கின்றன. 121 பாகை சதமவளவில் 15 நிமிடம் என்பது அறிந்த அளவு. ஆயின் கலத்திலிருந்து ஈரமாய் வெளிவந்த பொதி கிருமியற்றதெனக் கொள்ளத்தக்கதன்று. ஈரத்தின் வழியே கிருமி மீளப் புகும். கடற்காற்று வீசும் ஊர்களிற் பொதியறையின் ஈரப்பதனைக் கவனித்தல் இதனால் இரட்டிப்பான கடமையாகின்றது.

பண்டசாலையில் தொடங்கிய எண்ணிக்கை மேசையருகேயும் தொடர்கின்றது. குருதியொற்றும் துணி ஒன்று உடலுள் தங்கிவிடின் சீழ்பிடித்து உயிருக்கே இறுதியாகலாம். அதனாலேயே துணிகள் ஒரே எண்ணிக்கையுள்ள கட்டுகளாக வருகின்றன. எக்சுக் கதிரிற் புலப்படும் இழையொன்றும் அவற்றிற் கோக்கப்பட்டுள்ளது. உலகச் சுகாதார நிறுவனம் 2008 இல் வெளியிட்ட சத்திரசிகிச்சைப் பாதுகாப்புப் பட்டியலிலும் இவ்வெண்ணிக்கை இடம்பெற்றது. புதுதில்லி உள்ளிட்ட எட்டு நகரங்களின் வைத்தியசாலைகளில் அப்பட்டியலைக் கையாண்டபின் இறப்பு 1.5 வீதத்திலிருந்து 0.8 வீதமாகக் குறைந்ததென 2009 இல் அறிவிக்கப்பட்டது. தொடக்கத்தில் ஒருமுறை, உட்குழியை மூடுமுன் ஒருமுறை, தோலைத் தைக்கும்போது ஒருமுறை எனத் தாதியர் இருவர் வாய்விட்டு எண்ணுவர். எண் ஒவ்வாவிடின் தையல் நிற்கும், தேடுதல் தொடங்கும்.