மலையிறங்கும் மின்காரும் தகுதிச் சான்றும்

சேலத்திலிருந்து சேர்வராயன் மலைமீதுள்ள ஏற்காட்டுக்குச் செல்லும் சாலை, அடிவாரத்தைக் கடந்தபின் 20 கொண்டை ஊசி வளைவுகளின் வழியே ஏறத்தாழ 1,200 மீட்டர் மேலேறுகிறது. இத்தகைய பாதையில் பயணிகளை ஏற்றிச் செல்லும் வாடகைக் கார் எந்த ஆற்றலால் இயங்கினாலும், அது சாலையில் ஓடத் தகுந்த நிலையில் இருப்பதை அரசு சோதித்து அளிக்கும் சான்றைப் பெற்றிருக்க வேண்டும் என 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 56ஆம் பிரிவு விதிக்கிறது. தகுதிச் சான்று எனப்படும் இதையே ஓட்டுநர்கள் 'எஃப்.சி.' என்கின்றனர்.

வாடகைக் கார், சரக்கு வண்டி முதலிய போக்குவரத்து வாகனங்கள் 8 ஆண்டு வயது வரை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் இச்சான்றைப் புதுப்பிக்க வேண்டும். சொந்தக் காருக்கோ 15 ஆண்டுப் பதிவுக்காலம் முடிந்து, பதிவைப் புதுப்பிக்கும்போதுதான் இத்தகைய ஆய்வு வருகிறது. பேட்டரியில் ஓடும் போக்குவரத்து வாகனங்களுக்கு 2018இல் பெர்மிட்டிலிருந்து விலக்கு அளிக்கப்பட்டது. 2021இல் மின் வாகனங்களின் பதிவுக் கட்டணமும் நீக்கப்பட்டது. புகை வெளிவராததால் மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் அவற்றுக்குத் தேவையில்லை. எனினும், பச்சைப் பலகையில் மஞ்சள் எழுத்துகளைத் தாங்கிய மின் வாடகைக் காருக்குத் தகுதிச் சான்றிலிருந்து விலக்கு இல்லை என்பதை உரிமையாளர்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

பிரேக், ஸ்டீயரிங், முகப்பு விளக்கு, ஹாரன், துடைப்பான், டயர் ஆகியவை எல்லாக் கார்களுக்கும் பொதுவாகச் சோதிக்கப்படுபவை. ஆனால் மின்காரில் அவை தேயும் முறை வேறானது. பேட்டரியின் எடையும், மோட்டார் தொடக்கத்திலேயே அளிக்கும் முழு இழுவிசையும் டயரை விரைந்து தேயச் செய்யக்கூடும் என்பதால், கார் டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக்கூடாது என்ற விதி இங்கே கூடுதல் கவனத்துக்குரியதாகிறது.

பிரேக்கின் நிலை இன்னும் நுட்பமானது. சரிவில் இறங்கும்போது மின்காரின் மோட்டார் மின்னாக்கியாக மாறி, சக்கரங்களின் வேகத்தைக் குறைத்தபடியே பேட்டரிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்புகிறது. 1,700 கிலோ எடையுள்ள கார் 1,200 மீட்டர் இறங்கும்போது விடுபடும் ஆற்றல் ஏறத்தாழ ஐந்தரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். அதில் கணிசமான பகுதியை இவ்வாறு மீட்க முடியும். ஆனால் ஏற்காட்டிலேயே பேட்டரியை முழுமையாக நிரப்பிக்கொண்டு புறப்படும் காரில் அந்த ஆற்றலுக்கு இடமில்லாததால் இவ்வசதி பெரிதும் குறைந்து, சக்கரங்களில் உள்ள வழக்கமான பிரேக்கே முழுச் சுமையையும் தாங்க நேர்கிறது. அன்றாடம் குறைவாகவே பயன்படுவதால் அதன் வட்டுகளில் துரு பிடித்திருக்கவும் கூடும் ஆதலால், தேயாத பிரேக் நல்ல பிரேக்காகவே இருக்கும் என்று கொள்வது ஆபத்தானது.

காரின் அடித்தளத்தில் பொருத்தப்பட்ட பேட்டரிப் பெட்டி கல்லில் மோதி நசுங்கியுள்ளதா என்பதும், உயர் அழுத்த மின்சாரம் செல்லும் ஆரஞ்சு நிறக் கம்பிகளின் உறை கிழிந்துள்ளதா என்பதும் அடுத்துப் பார்க்க வேண்டியவை. மின்சாரம் காரின் உடற்பகுதிக்குக் கசியாமல் தடுக்கும் திறன் மின்காப்பு எனப்படும். நேர்மின்னோட்டச் சுற்றில் ஒரு வோல்ட்டுக்குக் குறைந்தது 100 ஓம் மின்காப்பு வேண்டும் என்பது, கார் வகைகளுக்கான ஏ.ஐ.எஸ். 038 என்னும் இந்தியத் தரநிலையின் அளவாகும். அதன்படி 350 வோல்ட் பேட்டரிக்கு 35,000 ஓம் தேவை. இது ஒரு கார் வகை விற்பனைக்கு வருமுன் சோதிக்கப்படும் அளவு. ஆண்டுகள் பல ஓடிய பின்னும் அது நிலைக்கிறதா என்பதைக் கண்ணால் கண்டறிய இயலாது, கருவியால் அளந்தே அறிய முடியும்.

தகுதிச் சோதனையைக் கருவிகளின் மூலம் நடத்தும் தானியங்கி நிலையங்களுக்கான விதிகளை மத்திய அரசு 2021இல் வகுத்து, மறு ஆண்டில் மின் வாகனச் சோதனைக்கும் அவற்றில் இடமளித்தது. அச்சோதனை மலைப்பகுதி வாகனங்களுக்குத் தவறாமல் கிடைக்கச் செய்வது அரசின் கடமை. ஏற்காட்டில் பேட்டரியைச் சற்றுக் குறைவாக நிரப்பி, பிரேக்கைச் சோதித்த பின்னரே மலையிறங்குவது ஓட்டுநரின் கடமை.