திருட்டு அலாரம் லேண்ட்லைனில் இருக்கிறதா? ஒரு 0 இல்லாவிட்டால் போன் வராது!

காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையம் மாதிரியான நெசவாளர் பகுதிகளில் வீடுதான் பட்டறையும். தறி, பாவு, ஜரிகை, நெய்து முடித்து இன்னும் கடைக்குப் போகாத சேலை எல்லாம் ஒரே கூரைக்குக் கீழே. குடும்பத்தோடு இரண்டு நாள் வெளியூர் போனால் மனசு வீட்டுப் பூட்டிலேயே இருக்கும். பக்கத்து வீட்டுக்காரர் பார்த்துக்கொள்வார் என்றாலும், வைகாசி கருட சேவை அன்று விடிகாலையில் தெருவே வரதராஜப் பெருமாள் கோயில் பக்கம் போய்விடும். சைரன் எவ்வளவு அலறினாலும் கேட்க ஆள் வேண்டுமே.

லேண்ட்லைனோடு இணைக்கும் திருட்டு அலாரத்தின் பயன் அங்கேதான். கதவில் உள்ள சென்சார் விலகியதும் சைரன் ஒலிக்கும். கூடவே, பதிவுசெய்து வைத்த எண்களுக்கு அலாரமே போன் போட்டு ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டும். ஆனால், பழைய அலாரம் என்றால் இப்போது அந்த போன் வராமலே போகலாம்.

காரணம் ஒரு பூஜ்ஜியம்

2021 ஜனவரி 15 முதல், லேண்ட்லைனிலிருந்து எந்த செல்போனுக்கு அழைத்தாலும் முன்னால் 0 சேர்க்க வேண்டும். அதற்கு முன்பு நம் வட்டத்துக்குள் இருக்கும் செல்போன் என்றால் 10 இலக்கமே போதும். மனிதர்கள் அறிவிப்பைக் கேட்டு 0 போடப் பழகிவிட்டார்கள். அலாரத்துக்கு யார் சொல்வது? அதன் நினைவில் இருக்கும் 10 இலக்கத்தையே அது அழுத்தும். '0 சேர்த்து அழைக்கவும்' என்ற குரலுக்கே தன் ரெக்கார்டிங்கைப் போட்டுக் காட்டிவிட்டு, வேலை முடிந்தது என்று இருந்துவிடும். பேனலில் எண்ணை மாற்ற ஐந்து நிமிடம் கூட ஆகாது.

சாக்கெட்டில் சொருகினால் ஆயிற்றா?

ஆகாது. பலர் செய்யும் தவறு இதுதான். ஸ்ப்ளிட்டர் வாங்கி, ஒரு பக்கம் போன், இன்னொரு பக்கம் அலாரம் என்று சொருகிவிடுவார்கள். சாதாரண நாளில் வேலை செய்யும். உள்ளே வந்தவன் ரிசீவரை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டால்? லைன் பிஸி. அலாரத்தால் டயல் செய்ய முடியாது.

சரியான முறையில், வெளியிலிருந்து வரும் லைன் முதலில் அலாரம் பேனலுக்குப் போக வேண்டும். பேனலிலிருந்து கிளம்பும் ஒயர்தான் வீட்டு சாக்கெட்டுகளுக்கு. இதற்காகவே பேனலில் உள்ளே வரும் லைனுக்கு இரண்டு முனை, போனுக்கு இரண்டு முனை என்று நான்கு இருக்கும். அலாரம் விழுந்த நொடியில் உள்ளே இருக்கும் ரிலே வீட்டு போன்களைத் துண்டித்துவிட்டு லைனைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும்.

போன் ஒயர்தானே என்று அலட்சியமாகத் தொடவும் கூடாது. எக்ஸ்சேஞ்சிலிருந்து சுமார் 48 வோல்ட் எப்போதும் வந்துகொண்டிருக்கும். மணி அடிக்கும்போது இன்னும் அதிகம், நன்றாகவே சுரீர் என்று அடிக்கும். லைனைக் கழற்றிவிட்டுத்தான் வேலையைத் தொடங்க வேண்டும்.

அலாரம் போன் லைனில் ஏறியது பிற்காலத்துக் கதை. முதலில் நடந்தது தலைகீழ்: 1877-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹோம்ஸ் நிறுவனம் திருட்டு அலாரத்துக்காக இழுத்திருந்த ஒயர்களில்தான் பகல் நேரத்தில் டெலிபோன் ஓடியது. இரவானால் அதே ஒயர் அலாரத்துக்கு.

ஃபைபருக்கு மாறியவர்கள் கவனிக்க

பழைய செம்புக் கம்பி லைனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது. தெருவில் கரண்ட் போனாலும் போன் வேலை செய்ததற்குக் காரணம் அதுதான். இப்போது அதே எண்ணை வைத்துக்கொண்டே பலர் ஃபைபர் இணைப்புக்கு மாறிவிட்டார்கள். போன் லைன் வருவது வீட்டுக்குள் இருக்கும் மோடத்தின் பின்பக்கத்திலிருந்து. மோடத்துக்கு வீட்டுக் கரண்ட் வேண்டும்.

வெளியே மீட்டர் பெட்டியில் ஒருவன் மெயினை அணைத்துவிட்டால், அலாரத்துக்கு அதன் சொந்த பேட்டரி இருக்கிறது, சைரன் அலறும். மோடம் செத்துப்போயிருக்கும், போன் போகாது. ஊருக்குப் போகிறோமே என்று மெயினை அணைத்துவிட்டுக் கிளம்புகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். அதனால் மோடத்தை இன்வெர்ட்டரிலோ சின்ன யூபிஎஸ்ஸிலோ போட வேண்டும். செம்பு லைன் இருந்தபோது செய்த இணைப்பு அப்படியே சுவரில் கிடந்தால், மோடத்திலிருந்து வரும் ஒயரை அலாரத்தின் லைன் முனைக்கு மாற்றியிருக்கிறார்களா என்றும் பார்க்க வேண்டும். பல வீடுகளில் அலாரம் இன்னும் உயிரில்லாத பழைய ஒயரிலேயே தொங்கிக்கொண்டிருக்கும்.

சிம் போடும் அலாரம் வாங்கலாமா?

தாராளமாக. வெட்ட ஒயர் கிடையாது. ஆனால் விலை குறைந்த பல மாடல்கள் 2ஜியில் மட்டும் ஓடுபவை. ஜியோ சிம் அதில் வேலை செய்யாது, ஜியோவிடம் 2ஜி சேவையே இல்லை. ரீசார்ஜ் தேதியையும் மறக்கக் கூடாது.

எந்த அலாரமாக இருந்தாலும், பூட்டிக்கொண்டு கிளம்புவதற்கு முந்தின நாள் ஒரு சோதனை: மெயினை அணைத்துவிட்டு, அலாரத்தை ஆன் செய்து, வெளியிலிருந்து கதவைத் திறந்து பாருங்கள். இரண்டு நிமிடத்துக்குள் செல்போன் அடிக்க வேண்டும். அடிக்கவில்லை என்றால் முதலில் அந்த 0, அடுத்து மோடம். அக்கம்பக்கத்தாரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், சைரன் கேட்டு ஓடி வந்துவிடப் போகிறார்கள்.